சனிக்கிழமை அலறல்

"பேய் வந்தப்புறம் கத்தினா சரி. அவ பேய் வர்றதுக்கு முன்னாடியே கத்தறாளே, அது எப்படி?" என்றாள் ஷ்யாமளா.

அண்ணன் பஞ்சு நடந்துகொண்டே யோசித்தான். பதின்மூன்று வயதுக்கு அவன் நிறையவே யோசிப்பான். பலன்தான் தாமதமாக வரும். தாதர் சினிமாக் கொட்டகையிலிருந்து மாதுங்காவிலிருந்த வீட்டுக்கு இருவரும் வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஹிந்திப் பேய்ப் படத்தை அவர்கள் பார்ப்பது இது இரண்டாவது சனிக்கிழமை. பாழடைந்த பங்களா, ஒரு கிணறு, அதிலிருந்து எழும்பும் வெள்ளைப் புடவை. கிணற்று ராட்டினம் தானாகக் கிறீச்சிடும்போதே ஷ்யாமளாவின் கால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பகுதியிலிருந்து ஓர் அலறல் கிளம்பும். கொட்டகை முழுவதும் ஒரு கணம் மூச்சை நிறுத்திவிடும். பேயைக்கூட மறந்துவிடலாம், அந்தக் குரலை மறக்க முடியவில்லை. பயமாகவும் இருந்தது, இன்னொரு தடவை பயப்பட வேண்டும் போலவும் இருந்தது.

"அப்போ அவளும் ஏற்கெனவே படத்தைப் பாத்திருக்கா" என்று பஞ்சு கடைசியில் கண்டுபிடித்தான். "அவ்வளவு பயந்தவ எதுக்குடி திரும்பத் திரும்ப வரணும்?"

ஷ்யாமளாவுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். யாரென்று பார்க்கலாம் என்றால் விளக்குப் போடுவதற்குள் அந்தப் பெண் மாயமாகிவிடுகிறாள்.

ஆனால் ஆபத்தான விஷயம். கொட்டகைப் பக்கம் போனது தெரிந்தால் அன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்று அப்பா அனந்தநாராயணன் அவளை எச்சரித்திருந்தார். ஆபீசில் பேச முடியாததையெல்லாம் வீட்டில் பேசித் தீர்க்கிற மனிதர். சொன்னால் செய்துவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சீட்டாடப் போய்விடுவதும், அம்மா அபயாம்பாள் பஜனைக்குக் கிளம்பிவிடுவதும் இவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அம்மா ஒரு வாயில்லாப் பூச்சி. இரண்டே அறையில் பதினோரு பேர் இருக்கும் வீடு. சித்தப்பா தூங்குகிறார், அப்பா பேப்பர் படிக்கிறார் என்று பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பாள். அன்றும், பாடித் தொண்டை கட்டிக்கொண்டு வந்திருந்தவள், சிநேகிதி வீட்டில் கணக்கெல்லாம் போட்டாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். ஷ்யாமளா நிமிராமல் தலையாட்டினாள். பொய் சொல்வது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை பஞ்சுவை விட்டுவிட்டு அவள் மட்டும், படம் ஆரம்பித்த பிறகு, பெண்கள் பகுதிக்குள் நுழைந்தாள். கடைசி வரிசையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். மராட்டிப் பெண்களைப் போல முக்காடு. ஷ்யாமளா இருட்டில் தடவிப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ராட்டினம் கிறீச்சிட்டது. முக்காட்டுக்காரி பாடப் போகிறவள் போல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அலறினாள்.

ஷ்யாமளாவுக்குக் காது அடைத்துவிட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. முக்காட்டுக்காரியோ நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். மெல்லச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

ஷ்யாமளாவால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பயமென்றால் எதற்காக வருகிறீர்கள் என்று அவள் காதருகே ஹிந்தியில் கேட்டுவிட்டாள்.

முக்காடு மெல்ல அவள் பக்கம் திரும்பியது. பதில் வந்தது, தமிழில்.

"பயமா? பதினோரு பேர் இருக்கற ஆத்துல, வாய்விட்டுக் கத்தறதுக்கு எடம் எங்கேடி இருக்கு?" என்றது தொண்டை கட்டிய அந்தக் குரல். "அப்பாகிட்டே நீயும் சொல்லாதே, நானும் சொல்லலே."