பூங்கொடியின் குரல்

பூங்கொடி கேட்டால் எல்லோரும் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதனால் நாமக்கல்லில் பால்வினை நோய்க் கணக்கெடுப்பு நடத்தியவர்கள் அவள் குரலையே இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். லாரி ஓட்டுநர்கள் தனி அறையில் உட்கார்ந்து, பேர் சொல்லாமல், அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பதுதான் இப்போது பூங்கொடியின் வேலை. கேட்டதை யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்று ஒரு பதிவில், லாரி ஓட்டும் அவள் கணவன் மாரப்பன் பேசினான்.

"போன வருசமே நோய் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க."

"மனைவியிடம் சொன்னீர்களா?" என்று இயந்திரத்திலிருந்த அவள் குரல் கேட்டது.

"இல்லீங்க. உங்க குரல் அவ பேசறாப்பலயே இருக்குது. அதுதான் சொல்ல வாய் வந்துச்சு." பிறகு அவன் விம்மி விம்மி அழுதான்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே பூங்கொடி நிதானமாகக் கேட்டாள். "ஏனுங்க, எங்கிட்டச் சொல்லாதது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"என்னத்த இருக்குது? கொழம்பு ஊத்து" என்றான் மாரப்பன், தலை நிமிராமல்.

மறுநாள் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் பூங்கொடி.