நாலு மணிக்குச் சாகும் பெட்டி

சண்டை முடிந்து போன் டவர் வந்த கையோடு, கதிரவெளிக் கடலோரத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். கடல் திடீரென உயர்ந்தால் கொழும்புக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். இன்னொரு சுனாமிக்கு ஏமாறக் கூடாதல்லவா?

அந்தப் பெட்டி தினமும் மாலை நான்கு மணிக்குச் செத்துப்போனது.

இன்ஜினியர் கஜானி கொழும்பில் இருந்தபடியே அதன் புரோகிராமை வரிவரியாகத் துருவினாள். ஒரு பிழையும் அகப்படவில்லை.

பெட்டியின் காவலாளி விநாயகமூர்த்தி தங்கமான மனிதர். நான்கு மணிக்கு நிலைமை சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. ஒரு நாளும் தவறாமல், ‘கந்தோர்’ என்று அவர் சொல்லும் கொழும்பு அலுவலகத்துக்கு அழைப்பார்.

“மிஸ், இண்டைக்கும் செத்துப் போச்சு. சிவப்பு லைட் எரியிது.”

“போன வெக்காதீங்க ஐயா. நான் இங்கயிருந்து பாக்கிறன்.”

அரை மணி நேரம் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. அவர் போனை வைத்த இரண்டாம் நிமிடம் உயிர்த்தது!

“நாளைக்கு நான் வெளியில நிப்பன். என்ட கைபோனுக்கு எடுங்க” என்று நம்பர் கொடுத்திருந்தாள்.

மறுநாள் நான்கு மணி. கைபோன் அடித்தது. திரையில், அவளே சேமித்து வைத்த பெயர்: ‘கதிரவெளிப் பெட்டி’.

எடுத்தாள்.

“மிஸ், இண்டைக்கும் செத்துப் போச்சு!” என்றார் விநாயகமூர்த்தி.

“ஐயா, எந்த சிம்மில கதைக்கிறீங்க?”

“பெட்டிக்குள்ள இருக்கிற சிம்தான் மிஸ். கந்தோர் வேலைக்குக் கந்தோர் சிம்தானே? கவலப்படாதீங்க, கதைச்சு முடிஞ்சதும் திருப்பிப் போட்டிருவன். ஒரு நாளும் மறந்ததில்ல.”