திரையில் இல்லாத கம்பி

"கொக்குக்குத் தெரியுற கம்பி உங்க விமானத்துக்கு ஏன்ப்பா தெரியல?" என்று சவரிநாதனின் மகள் ஒருமுறை கேட்டாள்.

"கொக்குக்குக் கண்ணு இருக்கும்மா" என்று அவர் சிரித்தார்.

வயலுக்கு மருந்து தெளிக்கும் அவருடைய சிறு விமானத்தில் ஜன்னல் கிடையாது. வரைபடத்தில் பதிவானதை மட்டும் திரை வரைந்து காட்டும். அதைப் பார்த்தே தாழப் பறப்பார். வயல் மோட்டாருக்குப் புதிதாக இழுத்த மின்கம்பி இன்னும் பதிவாகவில்லை. விமானம் அதில் சிக்கிச் சேற்றில் விழுந்தது. களை பறித்துக்கொண்டிருந்த அஞ்சலை ஓடிவந்து அவரை வெளியே இழுத்தாள். அறுந்த கம்பி பட்டு அவளுடைய வலக்கை செயலிழந்தது.

நிவாரணம் கேட்டுச் சவரிநாதன் அவளைத் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அதிகாரி விமானத்தின் திரைப்பதிவை ஓட்டிப் பார்த்தார்.

"இதுல கம்பியும் இல்ல, இந்தம்மாவும் இல்லியே சார்."

"அப்ப என்னை இழுத்துப் போட்டது யாரு?"

"பயத்துல நீங்களே வந்திருப்பீங்க."

அஞ்சலை எழுந்தாள். "வாங்கய்யா, போவோம். இல்லாதவளுக்கு எதுக்கு நாற்காலி?"

களையெடுக்க ஆளுக்கொரு பங்கு என்று முந்தின நாளே கயிறு கட்டிப் பிரிப்பது அங்கே வழக்கம். ஒற்றைக் கையால் அவள் பங்கு முடியவில்லை. இன்னொரு நாள் பின்தங்கினால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலில் சவரிநாதன் சிலுவை போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார். பயிர் எது, களை எது என்று தூரைத் தடவித் தடவிப் பார்த்து, கயிறு கட்டி விட்டிருந்த அஞ்சலையின் ஓரப் பங்கில் பாதியைப் பறித்து முடித்தார். தூரத்து வரப்பில் பெண்களின் பேச்சுக் கேட்டதும், வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு மறுபக்கமாக நடந்தார்.