ஈறோரத்து வெள்ளைக் கோடு

மத்தியான வெயில் தையல் மெஷினைத் தாண்டி, தரையில் உறங்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் முகத்தில் விழுகிறது. வாயோரம் சரிந்த புட்டியிலிருந்து சர்க்கரைப் பால் சொட்டுகிறது. தாய் தைத்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தை விழித்தால் வேலை கெட்டது. பல் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் தங்கை குனிந்து, குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்குகிறாள். "அக்கா, பல்லுல ஈறோரம் இந்த வெள்ளைக் கோடு எத்தனை நாளா இருக்கு?" "பால் காய்ஞ்சிருக்கும்டி. நீ ஆஸ்பத்திரியையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவியே." தங்கை சிரிக்கவில்லை. "தூங்குற வாயில இனிப்புப் பால் தங்கினா பல்லை அரிக்கும். வெள்ளையா இருக்கிறவரைக்கும் காப்பாத்திடலாம். புட்டிய நிறுத்து, ரெண்டு வேளையும் துலக்கிவிடு. பழுப்பாச்சுன்னா குழி விழுந்துடும்." மெஷின் நிற்கிறது. துணியில் போட்ட சாக்பீஸ் கோட்டை அழிக்கும் அதே கட்டைவிரலால், குழந்தையருகே குனிந்து தாய் பல்லைத் தேய்க்கிறாள். கோடு அப்படியே இருக்கிறது. தங்கை கை கழுவ உள்ளே போகிறாள்; தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. தாய் உதட்டை இன்னும் கொஞ்சம் தூக்குகிறாள். ஓரத்துப் பல்லில் கடுகளவு பழுப்பு. குழந்தை உறக்கத்திலேயே சப்புக்கொட்டிப் புட்டியைத் தேடுகிறது. பழக்கத்தில் புட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோன தாயின் கை பாதியில் நிற்கிறது. குழந்தையின் முகம் மெல்ல அழுகைக்குக் கோணத் தொடங்குகிறது.