சாகும்போது சொன்னது

பெண் பார்க்க வந்த பக்கிரிசாமியின் முழங்கை பட்டுப் பித்தளைத் தாம்பாளம் தரையில் விழுந்த சத்தத்துக்கு, பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து குரைத்தது. லட்டுகள் மூலைக்கொன்றாய் உருண்டன. பெண் புஷ்பவல்லி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

என்ன அடக்கம் என்று பக்கிரிசாமி சொக்கிப்போனான்.

சென்னைப் பட்டணம் போய் ஆறு ஊமைப் படங்களில் நடித்து, சோற்றுக்கு வழியில்லாமல் மறுபடி கப்பலேறி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறை வேலைக்கே திரும்பியவன் அவன். ஆறும் புராணப் படங்கள். ஆறிலும் அரக்கர் படையில் மூன்றாம் வரிசை. சினிமாக்காரன் என்றதுமே நாலு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். கிள்ளானில் இது ஐந்தாவது வீடு.

"அஞ்சு படத்துல சும்மா சாவேன். ஆறாவதுல வசனம் பேசிட்டுத்தான் சாவேன்" என்று பெருமையாகச் சொன்னான். அவன் பேசத் தொடங்கியதும் புஷ்பவல்லி நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தாள். மீசைக்குத் தடவிய எண்ணெய் வீண்போகவில்லை.

அந்த ஆறாவது படம் அப்போது பாசார் சந்தைப் பக்கத்துக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஆட்டத்துக்கு அவளைக் குடும்பத்தோடு அழைத்துப் போனான்.

திரையில் அம்பு பட்டு அரக்கன் பக்கிரிசாமி சாய்ந்தான். வீரன் வந்து பக்கத்தில் நின்றதும், அண்ணாந்து வாயை அசைத்தான். அந்த நொடியே பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

பிறகுதான் திரையில் எழுத்து வந்தது: 'பிரபுவே, தங்கள் திருவடியே சரணம்.' ஆர்மோனியம் அழுதது. கொட்டகையே மூக்கைச் சிந்தியது. புஷ்பவல்லி மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

ஐந்தாவது வீடும் போச்சு. வெளியே வந்ததும் அவள் அப்பா பழனியப்பனைக் கேட்டான். "மாமா, என் நடிப்பு அவ்வளவு மோசமா?"

"சேச்சே. அது இருமல், மாப்பிள்ள."

"சிரிச்ச மாதிரி இருந்துச்சே."

"எங்க வழியில இருமலே அப்படித்தான் லா" என்றாள் அம்மா இராஜம்மா. "நடங்க, பஸ் போயிரும்."

பக்கிரிசாமி நேராகப் பெண்ணிடமே திரும்பினான். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிருங்க. எதுக்குச் சிரிச்சீங்க?"

பழனியப்பன் குறுக்கே வந்தார். புஷ்பவல்லி அவர் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"பின்ன என்னங்க? உசுரு போற நேரத்துல, 'எருமை, என் கைய மிதிச்சிக்கிட்டு நிக்கிற, கால எடுடா'ன்னா சிரிப்பு வராதா?"

பக்கிரிசாமி தன் கையைத் தூக்கிப் பார்த்தான். ஆறு படத்தில் அவன் பேசிய ஒரே வசனம். மிதித்தவனைத் தவிர உலகத்தில் ஒருவர் காதிலும் விழாதது.

"ஊமைப் படமாச்சே. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

இராஜம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கேக்கலைங்க" என்றாள் புஷ்பவல்லி. "எனக்குக் காதே கேக்காது."