குண்டூசித் தலை

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குள் மலாக்கா டவுனுக்குப் புது வரைபடம் வேண்டியிருந்தது. ஏரோப்ளேனிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து ஒட்டி, ஒரே தாளில் சுருக்கி வரைகிற வேலை ஏகாம்பரத்துக்கு. படத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாகத் தெரிவது எதுவானாலும் விட்டுவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. கிணறு, கோழிக்கூண்டெல்லாம் அப்படித்தான் காணாமல் போயின.

வரைந்ததைச் சரிபார்க்க, ஏகாம்பரம் குடியிருந்த காஜா பெராங்கிற்கே போய்வந்த மேலதிகாரி கலியாணசுந்தரம், தாளை மேசைமேல் போட்டார்.

“உன் வீட்டு வாசல்ல இன்னொரு கூரை வரைஞ்சிருக்கியே. அங்க வெறும் மண்ணுதான் கெடக்கு.”

“படத்துல இருக்கு சார்.”

“இல்லாத வீட்டப் போட்டுட்டு, நாளைக்கு அந்த நெலம் என்னுதுன்னு கேக்கப் போறியா?”

ஏகாம்பரம் மூலப் படத்தை எடுத்துக் கொடுத்தார். கலியாணசுந்தரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வாசலில் வெள்ளையாக ஒரு சதுரம். அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஆட்கள்.

“அட, பந்தலு. வீட்டுல ஏதும் விசேஷமாய்யா?”

“ஏரோப்ளேன் சத்தம் கேட்டு எல்லாரும் மேல பாத்தாங்க சார். நான் மட்டும் பாக்கல.”

“ஏன்?”

“பந்தலுக்குக் கீழ எம் மகளக் கெடத்தியிருந்தோம்.”

கலியாணசுந்தரம் கண்ணாடியைக் கீழே வைத்தார். ஏகாம்பரம் பிளேடை எடுத்து, தாள் கிழியாமல் அந்தக் கூரையைச் சுரண்டத் தொடங்கினார்.

“மூணு வயசுப் புள்ள சார். பந்தல் இல்லாம படத்துல விழுந்திருந்தாலும், விதிப்படி விட்டிருக்கணும்.”