கிரைண்டருக்குப் பின்னால்

அடுத்த மாதம் வரப்போகும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்காக ஊரே காத்திருந்தது. விளையாடுகிறவரின் வீடுதான் அதில் போர்க்களம். வீட்டுக் கேமராக்கள் வழியாக நம் நடமாட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அந்த விளையாட்டு நம் அறைகளுக்குள்ளேயே எதிரிகளை நடமாடவிடும். என் கணவர் இன்பராஜுக்குச் சோதித்துப் பார்க்க முன்கூட்டியே ஒரு பிரதி கிடைத்துவிட்டது.

படம் அடிக்கடி திக்கியது. விளையாட்டுக் கருவி கொதித்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்கு ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"நான் கத்துனாலே போதும், எதிரி ஓடிப்போய் நம்ம கிரைண்டருக்குப் பின்னாடி பதுங்கிக்கிறான். கண்டுபிடிக்கறதுக்குள்ள உயிர் போகுது. பெரிய கோளாறு இது. கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

மறுநாள் பதில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே உரக்கப் படித்தார். "இது கோளாறு அல்ல. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் எங்கே ஒளிகிறார்களோ, எதிரியும் அங்கேதான் ஒளிவான்."

சிரித்தார். "நம்ம வீட்ல யாருடி ஒளியறா?"

நான் அவர் தட்டில் சோறு வைத்தேன். எங்கள் மகள் தமயந்திக்கு ஒன்பது வயது. அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அவர் அவளைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

சாயங்காலம் விளையாட்டு பாதியில் உறைந்து நின்றது. அவர் கத்திக்கொண்டே நாற்காலியை எட்டி உதைத்தார். தமயந்தி வழக்கம்போலச் சமையலறைக்கு ஓடிவந்தாள். கிரைண்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, வேற எடம் சொல்லும்மா" என்று கிசுகிசுத்தாள்.

சொல்ல வாயெடுத்தேன். மூலையிலிருந்து கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.